வைப்பர் தகடு, சைக்கிள் கம்பி, அம்மம்மாவின் பெட்டி: வீட்டுச் சாமானில் பூட்டுத் திறக்கும் கருவி



இந்தக் கிழமை எபிசோட்டைக் கேட்டிருந்தால், நடுவில கொஞ்ச நேரம் நான் ஒரு பூட்டை மைக்குக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு "இப்ப கேட்டுதா? க்ளிக் எண்டு?" என்று கத்தினது ஞாபகம் இருக்கும். எடிட் பண்ணேக்க கேட்டுப் பார்த்தன். ஒன்றுமே கேட்கவில்லை. பூட்டு கதைக்கிறது விரலோட, காதோட இல்லை. அதனால மிச்சப் பாடத்தை எழுத்திலேயே தாறன். ஒரு பழைய பூட்டைப் பக்கத்தில வச்சுக்கொண்டு வாசிச்சால் இன்னும் நல்லது.

முதலில் இது எனக்கு எங்க தொடங்கினது என்று சொல்லவேணும்.

ஒன்பதாம் மாடியில ஒரு தகரப்பெட்டி

என்ர அம்மம்மா மோர்னிங்சைட்டில, லோரன்ஸ் சந்திக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்ட்டில இருக்கிறா. போன வருஷம் அதே கட்டடத்தில ஐந்தாம் மாடியில இருந்து ஒன்பதாம் மாடிக்கு மாறினவ. அந்த நாலு மாடிக்குள்ள அவவின்ர தகரப்பெட்டித் திறப்புத் துலைஞ்சுபோச்சு. யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு, கொழும்பில இருந்து ரொறொன்ரோ என்று பத்திரமாக வந்த திறப்பு, லிஃப்டில ஏறேக்க துலைஞ்சுது.

பெட்டிக்குள்ள காணி உறுதி. ஊரில பக்கத்து வளவோட எல்லைப் பிரச்சினை. மாமா அங்கயிருந்து போன் எடுத்து, "உறுதியைப் படம் எடுத்து அனுப்புங்கோ, கெதியாய் வேணும்" என்று நெருக்கிக்கொண்டு இருந்தார். அப்பா போல்ட் கட்டரோட வந்து நிண்டார். அம்மம்மா விடவில்லை.

"அது உங்கட மாமா வாங்கின பூட்டு. வெட்டாதேங்கோ," என்று அப்பாவுக்குச் சொல்லிப்போட்டு என்னைப் பார்த்தா. "தம்பி, நீ கொம்பியூட்டர் எல்லாம் படிச்சனியெல்லோ. இதைத் திறக்கத் தெரியாதோ?"

அதே மோர்னிங்சைட் அவெனியூ பஸ்ஸில போய் ஸ்காபரோ வளாகத்தில நாலு வருஷம் கணினி படிச்சவன் நான். தகரப்பெட்டியின் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. அங்கதான் இந்தப் பாடம் தொடங்கினது.

கருவி செய்ய முதல் இரண்டு விதி

பூட்டுத் திறக்கிறதை ஒரு விளையாட்டாகச் செய்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கினம். நெதர்லாந்தில் தொடங்கி இப்ப பல நாடுகளில் கிளை இருக்கிற டூல் என்ற அமைப்பும் அதில ஒன்று. அவர்களிடம் போனால் கருவியைக் கையில தர முதலே இரண்டு விதி சொல்லுவினம்.

ஒன்று: உங்கட சொந்தப் பூட்டை மட்டும் திறவுங்கோ. அல்லது, சொந்தக்காரர் நேரடியாகத் திறக்கச் சொன்ன பூட்டை.

இரண்டு: பாவனையில இருக்கிற பூட்டில பழகாதேங்கோ. கருவி உள்ளே முறிஞ்சாலோ பின் சிக்கினாலோ வெளியில நிக்கப்போறது நீங்கள்தான். அதுவும் ஜனவரியில.

இன்னொன்று நான் சேர்க்கிறன். வாடகை அப்பார்ட்மென்ட்டின் கதவுப் பூட்டு உங்கட பூட்டு இல்லை. திறப்பு உங்களிட்ட இருந்தாலும் பூட்டு கட்டடச் சொந்தக்காரருடையது. பழகுறதுக்கு டொலர் கடையில ஒரு மலிவுப் பூட்டு வாங்குங்கோ.

பூட்டுக்குள்ள என்ன நடக்குது?

எங்கட வீட்டுக் கதவுகளில பெரும்பாலும் இருக்கிறது பின் வகைப் பூட்டு. பழைய எகிப்தில மரத்தாலேயே இப்படிப் பூட்டுச் செய்திருக்கினம். இப்ப நாங்கள் பாவிக்கிற சின்ன உலோக வடிவத்துக்கு 1860களில் உரிமம் எடுத்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல்.

உள்ளே ஒரு உருளை இருக்கும். திறப்புப் போடுற இடம் அதில்தான் இருக்கு. இதைப் பிளக் என்பார்கள். பிளக் சுற்றினால் பூட்டுத் திறக்கும். அதைச் சுற்றவிடாமல் மேலே இருந்து ஐந்து துளைக்குள்ளால சின்னச் சின்னப் பின்கள் கீழே இறங்கி நிற்கும். மலிவுப் பூட்டென்றால் நாலு துளை. ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டு: கீழே திறப்பைத் தொடுகிற பின், மேலே அதை அமத்துகிற பின். அதுக்கும் மேல ஒரு ஸ்பிரிங்.

திறப்பு இல்லாதபோது மேல் பின்கள் பாதி பிளக்குக்குள்ளயும் பாதி வெளியிலயும் நிற்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டமாதிரி. சரியான திறப்பைப் போட்டால், அதன் பல்லுகள் ஒவ்வொரு சோடிப் பின்னையும் சரியான உயரத்துக்கு உயர்த்தும். இரண்டு துண்டும் சந்திக்கிற இடம் பிளக்கின் விளிம்போட ஒரே கோட்டில் வரும். இதைத்தான் ஷியர் லைன் என்பார்கள். ஐந்தும் கோட்டுக்கு வந்தால் பிளக் சுற்றும்.

அப்ப திறப்பு இல்லாமல் எப்படித் திறக்க ஏலும்? அந்த ஐந்து துளையும் காகிதத்தில மட்டும்தான் ஒரே நேர்கோட்டில இருக்கு. உண்மையான பூட்டில ஒரு துளை தலைமுடி அளவு இடது பக்கம், இன்னொன்று அதே அளவு வலது பக்கம். எந்தத் தொழிற்சாலையாலும் இதை முழுதாக இல்லாமல் செய்ய ஏலாது. அதனால பிளக்கை மெல்லமாகச் சுற்றினால் ஐந்து பின்னும் ஒரேநேரத்தில இறுகாது. ஒன்று முதலில இறுகும். அதை மட்டும் கண்டுபிடிச்சு மேலே தள்ளினால் அது கோட்டுக்கு வந்து அங்கயே தங்கும், பிளக்கும் ஒரு மயிரளவு சுற்றும். பிறகு அடுத்த பின் இறுகும். அதையும் தள்ளவேணும். இப்படி ஒவ்வொன்றாய்.

ஐந்து பின்னையும் ஒரேயடியாய்ச் சரியாக்கிறது கஷ்டம். ஒவ்வொன்றாய்ச் சரியாக்கிறது பொறுமை. கணினி படிச்ச ஆட்களுக்கு இது உடனே விளங்கும். ஐந்து எழுத்துப் பாஸ்வேர்ட்டில, ஒரு எழுத்துச் சரியானவுடனே "இது சரி" என்று கணினி சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நேரம் எடுக்கும்? பூட்டு அதைத்தான் செய்யுது.

சாமான் எங்க எடுக்கிறது?

உங்களுக்கு இரண்டு கருவி வேணும். ஒன்று பிளக்கை மெல்லமாகச் சுற்றிப் பிடிக்கிறதுக்கு: டென்ஷனர். மற்றது பின்னை உயர்த்துறதுக்கு: பிக். படத்தில காட்டுற ஆட்கள் ஒற்றைக் கம்பியை விட்டுக் கிண்டுவினம். அது படத்தில மட்டும்தான் வேலை செய்யும்.

வளைச்சால் திரும்பி வருகிற இரும்பு, அதாவது ஸ்பிரிங் இரும்பு, தேவை. இதை வச்சு வீட்டுச் சாமானைப் பார்ப்பம்.

பேப்பர் கிளிப்: எல்லாரும் முதலில எடுக்கிறது. மென்மையான கம்பி. பின்னைத் தள்ள முதல் கிளிப் வளைஞ்சுபோகும். உங்கட விரல் உணர்றது பூட்டை இல்லை, கிளிப் வளையிறதை. விட்டிடுங்கோ.

தலைமுடிக் கிளிப்: இது பரவாயில்லை. தட்டையானது, கொஞ்சம் ஸ்பிரிங் இருக்கு. நுனியில இருக்கிற பிளாஸ்டிக் குமிழைக் கழற்றவேணும். மலிவுப் பூட்டை இரண்டு கிளிப்பால திறக்கலாம். அக்கா, தங்கச்சியிட்டக் கேட்டு எடுங்கோ. அதிலும் அனுமதிதான் முதல் விதி.

வைப்பர் தகடு: எங்கட ஊர்க் குளிருக்கு வருஷத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டிலயும் வைப்பர் மாத்துவினம். பழைய வைப்பரை எறிய முதல் ரப்பரின் இரண்டு பக்கமும் பாருங்கோ. ஓடிப்போகிற இரண்டு மெல்லிய எவர்சில்வர்த் தகடு இருக்கும். டென்ஷனருக்கு இதைவிட நல்ல சாமான் வீட்டில இல்லை.

வீதி கூட்டுகிற வண்டியின் தும்பு: பனி உருகினதுக்குப் பிறகு, ஏப்ரல் அளவில, நகரசபை வண்டி வந்து வீதியோரத்து உப்பையும் மண்ணையும் கூட்டும். அதன் தூரிகைத் தும்பு இரும்பு. முறிஞ்சு முறிஞ்சு விழும். மோர்னிங்சைட் அவெனியூவில பஸ் நிறுத்தத்துக்குக் கிட்ட நடைபாதை விளிம்பைப் பாருங்கோ: ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அகலத்தில் தட்டையான, துருப்பிடிச்ச கம்பித் துண்டுகள் கிடக்கும். அதுதான். பிக் செய்கிறதுக்கென்றே செய்தமாதிரி இரும்பு. நடைபாதையில நிண்டு எடுங்கோ, வீதிக்கு இறங்க வேண்டாம்.

ஹக்ஸோ பிளேட்: முறிஞ்ச வாள் அலகு. தடிப்பு 0.6 மில்லிமீற்றருக்குக் கிட்ட. பிக்குக்குச் சரியான தடிப்பு. ஆனால் கடினமானது, அராவுறதுக்குக் கனநேரம் எடுக்கும், பிழையாய் வளைச்சால் முறியும்.

செய்யிறது எப்படி?

கண்ணாடி போடுங்கோ. பார்வைக்குப் போடுற கண்ணாடி இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி. வெட்டுப்படுகிற தகட்டுத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல ஏலாது.

டென்ஷனர்: வைப்பர் தகட்டில 9 சென்ரிமீற்றர் அளவு வெட்டுங்கோ. ஒரு நுனியில இருந்து 1 சென்ரிமீற்றரில குறட்டால பிடிச்சு மெல்லமாக 90 பாகை வளையுங்கோ. டக்கென்று வளைச்சால் வெடிக்கும். வெட்டின விளிம்பு கத்திமாதிரி இருக்கும், அரத்தால மழுக்குங்கோ. முடிஞ்சுது.

பிக்: தும்பைச் சுத்தம் செய்து 10 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கோ. ஒரு பக்கத்தில கடைசி 3 சென்ரிமீற்றரை அராவி, பூட்டின் வாய்க்குள்ள தாராளமாய்ப் போகிற அளவுக்கு ஒடுக்குங்கோ. நுனியில மட்டும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு மேலே எழும்புகிற சின்ன வளைவு விடுங்கோ. இதுதான் ஹுக். கூராக்க வேண்டாம். பின்னை நாங்கள் குத்தப் போறதில்லை, உயர்த்தப் போறம். பிறகு அரத்தாள்: 220, 400, 600 என்று ஒன்றன்பின் ஒன்று. மினுமினுக்கிற வரைக்கும் தேயுங்கோ. சொரசொரப்பு இருந்தால் விரலுக்குப் பூட்டின் செய்தி வராது, சொரசொரப்பின் செய்திதான் வரும்.

கிரைண்டர் பாவிச்சால் ஒரு எச்சரிக்கை. இரும்பு நீல நிறத்துக்கு மாறினால் சூடு கூடிட்டுது. ஸ்பிரிங் குணம் போய்விடும். ஒவ்வொரு இரண்டு, மூன்று செக்கனுக்கும் தண்ணியில தோயுங்கோ. அரத்தால கையால செய்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. எனக்கு ஒரு பிக் செய்ய ஒரு மணித்தியாலம் எடுத்துது. முதல் மூன்றும் குப்பைக்குப் போனது.

கைப்பிடிக்குச் சூட்டில சுருங்குகிற பிளாஸ்டிக் குழாய் அல்லது மின்சார ரேப் சுத்துங்கோ. இல்லாட்டில் அரை மணித்தியாலத்தில விரல் நோகும்.

பழகுறது எப்படி?

பூட்டின் வாய்க்குள்ள, பின்கள் இல்லாத ஓரத்தில டென்ஷனரை வையுங்கோ. சுண்டுவிரலால தொடுகிறமாதிரி அமத்துங்கோ. முதல் நாள் எல்லாரும் விடுகிற பிழை இதுதான்: பலமாக அமத்துறது. பலமாய் அமத்தினால் எல்லாப் பின்னும் இறுகும், எதுவும் அசையாது.

பிறகு பிக்கை உள்ளே கடைசி வரைக்கும் விட்டு, ஒவ்வொரு பின்னாய்த் தொட்டு உயர்த்திப் பாருங்கோ. நாலு பின் துள்ளும், ஸ்பிரிங் மட்டும்தான் எதிர்க்கும். ஒரு பின் துள்ளாது. கட்டியாய் நிற்கும். அதுதான் முதல் பின். மெல்ல உயர்த்துங்கோ. ஒரு சின்ன அசைவு. மைக்குக்குக் கேட்காத அந்தக் க்ளிக். திரும்பவும் முதலில இருந்து தேடுங்கோ, இப்ப வேறொரு பின் கட்டியாய் இருக்கும்.

திறக்காட்டில் டென்ஷனரை விட்டிடுங்கோ. பின்கள் எல்லாம் கீழே விழும். திரும்பத் தொடங்குங்கோ. ஒரு பின்னை அளவுக்கு மேல தள்ளினாலும் இதுதான் வழி. எனக்கு நாலு பின் பூட்டு முதல்தரம் திறக்க இரண்டு பின்னேரம் எடுத்துது. ஐந்தாம் தரம் இரண்டு நிமிஷம்.

லண்டன் 1851: பூட்டும் பக் பவுண்டியும்

இந்த முறை புதுசு இல்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கு ஆல்ஃபிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்தார். அந்தக் காலத்தில் திறக்கவே ஏலாது என்று இங்கிலாந்து நம்பின பூட்டு இரண்டு. ஒன்று சப் நிறுவனத்தின் பூட்டு. யாராவது கள்ளமாய்த் திறக்கப் பார்த்தால் அது சிக்கிக்கொண்டு சொந்தக்காரருக்குக் காட்டிக்கொடுக்கும். ஹொப்ஸ் அதை 25 நிமிஷத்தில திறந்தார்.

மற்றது பிராமா பூட்டு. லண்டன் கடைக் கண்ணாடிக்குள்ள பல பத்து வருஷமாய்த் தொங்கினது. திறக்கிறவருக்கு 200 கினி தருவோம் என்று எழுதிப்போட்டிருந்தது. இன்றைக்கு மென்பொருள் நிறுவனங்கள் பக் பவுண்டி என்று தாற காசு இருக்கே, அதேதான். ஹொப்ஸ் 16 நாளில், மொத்தம் 51 மணித்தியாலம் இருந்து அதைத் திறந்து காசை வாங்கினார்.

பிறகு பெரிய சண்டை. இதையெல்லாம் வெளியில சொன்னால் கள்ளருக்குப் பாடம் எடுக்கிறமாதிரி ஆகாதோ என்று கேட்டினம். 1853இல் ஹொப்ஸின் பெயரோட வந்த புத்தகம் இதுக்குப் பதில் சொன்னது. கள்ளருக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருக்கிறது காசு கொடுத்துப் பூட்டு வாங்குகிற நேர்மையான ஆளுக்குத்தான். பாதுகாப்புத் துறையில வேலை செய்கிற ஆட்கள் இன்றைக்கும் இதைத்தான் வாதாடுகினம்.

இதுக்கு எங்கட காலத்து உதாரணம் 2004. கிரிப்டோனைட் என்ற விலை கூடின சைக்கிள் பூட்டு. வட்ட வாய் உள்ளது. ஒரு சாதாரண போல்பொயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அந்த வாய்க்குள்ள அமத்திச் சுற்றினால் திறக்குது என்று ஒருவர் வீடியோ எடுத்து இணையத்தில போட்டார். நிறுவனம் பூட்டுகளை இலவசமாய் மாத்திக் கொடுக்கவேண்டி வந்தது. வீட்டுச் சாமானால செய்த கருவி எல்லாச் சைக்கிள்காரருக்கும் நல்ல பூட்டை வாங்கிக் கொடுத்தது.

திண்டுக்கல் மாதிரிப் பூட்டு

இனி அம்மம்மாவின் பெட்டிக்கு வருவம். நான் செய்த பிக், டென்ஷனர் இரண்டையும் கொண்டு பெருமையாய்ப் போனன். பூட்டின் வாய்க்குள்ள பார்த்தால் பின் ஒன்றும் இல்லை.

அது இந்தியாவில இருந்து வந்த பழைய லீவர் பூட்டு. லீவர் பூட்டென்றால் தமிழ்நாட்டில உடனே நினைவுக்கு வாற ஊர் திண்டுக்கல். அந்த ஊரிலயும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலயும் தலைமுறை தலைமுறையாய்க் கையால பூட்டுச் செய்கினம். மாங்காய் வடிவத்தில இருக்கிறதால மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை. கோயில் கதவுக்குப் போடுற பெரிய பூட்டுகளும் அங்க செய்கிறது உண்டு. அலிகாரில இயந்திரத்தில செய்து வாற மலிவுப் பூட்டோட போட்டி போட ஏலாமல் இந்தத் தொழில் சுருங்கிப்போனது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது.

லீவர் பூட்டுக்குள்ள பின்னுக்குப் பதில் தட்டையான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி இருக்கும். ஒவ்வொரு தகட்டிலயும் ஒரு வெட்டு. திறப்பு ஒவ்வொரு தகட்டையும் அதுக்குரிய உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில வரும். அப்பதான் தாழ் அதுக்குள்ளால நகரும். கையால அராவின தகடென்றபடியால் ஒரு பூட்டின் திறப்பு மற்றதுக்குப் பொருந்தாது.

அதே காரணத்தால, ஒரு தகடுதான் முதலில இறுகும். ஹொப்ஸ் சப் பூட்டைத் திறந்ததும் இதை வச்சுத்தான். தாழில ஒரு சின்ன அழுத்தம், பிறகு இறுகின தகட்டைத் தேடித் தூக்குறது. கருவி மட்டும் வேறை. வைப்பர் தகடு இதுக்கு மெலிசு.

கீழே சைக்கிள் அறையில கிடந்த என்ர பழைய சில்லில இருந்து இரண்டு கம்பி எடுத்தன். சைக்கிள் சில்லுக் கம்பி 2 மில்லிமீற்றர் தடிப்பு, நல்ல விறைப்பு. ஒன்றின் நுனியை சுத்தியலால தட்டையாக்கி, சின்ன எல் வடிவத்தில வளைச்சன்: தாழைத் தள்ளுறதுக்கு. மற்றதை அதைவிட ஒடுக்கமாய் அராவி வளைச்சன்: தகட்டைத் தூக்குறதுக்கு. முதல் ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு துரு என்று விளங்கி, கிராஃபைட் தூள் வாங்கிப் போட்டன். அம்மம்மா ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டு, "அவசரப்படாதை, அது அவரைமாதிரி. மெல்லமாய்த்தான் வழிக்கு வரும்," என்றா.

மூன்றாம் ஞாயிறு நாலாவது தகடு தூக்குப்பட்டு, தாழ் நகர்ந்துது. சத்தம் அறை முழுக்கக் கேட்டுது. அந்த நேரம் பார்த்து நான் ரெக்கோர்ட் பண்ணவில்லை.

உள்ளே உறுதி இருந்தது. பழைய வங்கிப் புத்தகம், நாலைந்து படம். அடியில ஒரு துணிப்பொட்டலம். அதுக்குள்ள அந்தப் பூட்டின் இரண்டாவது திறப்பு.

"அம்மம்மா, இதை ஏன் பெட்டிக்குள்ளயே வச்சனீங்கள்?"

"அதைவிடப் பத்திரமான இடம் வேற எங்க இருக்கு?"

சிரிக்காதேங்கோ. உங்கட மெயிலுக்கான மீட்புக் குறியீட்டை எங்க சேமிச்சு வச்சிருக்கிறீங்கள்? அதே மெயிலிலயா? பாஸ்வேர்ட் மனேஜரின் பாஸ்வேர்ட் எழுதின கோப்பு அதே லப்டொப்பிலயா? அம்மம்மாவும் நாங்களும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இதைக் கட்டாயம் வாசியுங்கோ. கனடாவின் குற்றவியல் சட்டத்தில 351ஆம் பிரிவு இருக்கு. ஒரு இடத்தையோ வாகனத்தையோ உடைச்சு உள்ளே போகப் பாவிக்கக்கூடிய கருவியை, அதுக்காகப் பாவிச்சது அல்லது பாவிக்கப்போறது என்று தெரிஞ்சுகொண்டு, சட்டப்படியான காரணம் இல்லாமல் வச்சிருந்தால் குற்றம். உச்சத் தண்டனை 10 வருஷம். அதாவது பிக் வச்சிருக்கிறது மட்டும் குற்றம் இல்லை, நோக்கம்தான் கேள்வி.

ஆனால் நோக்கம் உங்கட தலைக்குள்ள இருக்கு. இரவு பதினொரு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில நிக்கிற பத்தொன்பது வயதுப் பொடியனின்ர பையைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. எங்கட நிறத்தில இருக்கிற பொடியனுக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சம் கூடவே விழும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால என்ர வழக்கம் இது: கருவி வீட்டில, மேசை லாச்சிக்குள்ள, பழகுற பூட்டுகளோட சேர்த்துத்தான் இருக்கும். பையில, காரில, சட்டைப்பையில இல்லை. ஊருக்குப் போகேக்க கொண்டுபோறதே இல்லை. மற்ற நாடுகளில சட்டம் வேறை. சிநேகிதர் ஆராவது "என்ர லொக்கரைத் திறந்து தா" என்று கேட்டால், லொக்கர் அவருடையது என்று உறுதியாய்த் தெரிஞ்சால் மட்டும், அதுவும் பள்ளிக்கூட அலுவலகத்துக்குச் சொல்லிப்போட்டு.

அம்மம்மாவின் பூட்டைத் திறக்க எனக்கு வேண்டியிருந்தது இரண்டு கம்பியும் மூன்று ஞாயிறும். ஆனால் முதலில கிடைச்சது அவவின்ர "திற" என்ற சொல். அது இல்லாட்டில் அதே கம்பி, அதே கை, அதே பெட்டி, வேறை பெயர்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கட வீட்டுக் கதவு நிலையைப் பாருங்கோ. தாழ் போய் விழுகிற தகட்டைப் பிடிச்சிருக்கிற ஆணியில ஒன்றைக் கழற்றுங்கோ. விரல் நகம் அளவுதான் நீளமென்றால், உள்ளே மரச்சட்டம் வரைக்கும் போகிற 3 அங்குல ஆணி நாலு வாங்கி மாத்துங்கோ. கள்ளர் பெரும்பாலும் பூட்டைத் திறக்க மினக்கெடுகிறதில்லை, கதவை உதைக்கினம். வாடகை வீடென்றால் சுப்பரிண்டெண்டனிட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

இரண்டு: பழைய வைப்பரில ஒரு டென்ஷனர், ஒரு தும்பில ஒரு பிக். படம் எடுத்து அனுப்புங்கோ. குப்பைக்குப் போன முதல் மூன்றையும் சேர்த்து.

மூன்று: மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில எழுதி வேறை வீட்டில ஒரு ஆளிட்டக் கொடுத்து வையுங்கோ.

அம்மம்மாவின் இரண்டாவது திறப்பு இப்ப எங்கட அம்மாவின் வளையத்தில தொங்குது. பெட்டிக்கு அதே பூட்டுத்தான். உறுதியின் படம் மாமாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. எல்லைப் பிரச்சினை இன்னும் முடியவில்லை, அதுக்கு என்னிட்டக் கம்பி இல்லை.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம். அதுவரைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ.